எதிரி படுத்திருந்த வார்டு

போர்ச் செய்தி வந்தாலே உனக்கு முகம் மலர்ந்துவிடுகிறது, கண்ணு. அதற்காக உன்னைக் கோபித்துக்கொள்ள மாட்டேன். 1914-இல் முதல் உலகப்போர் மூண்டபோது வேரா பிரிட்டன் என்ற ஆங்கிலேயப் பெண்ணுக்கு இருபது வயது. தம்பி எட்வர்டைப் பட்டாளத்துக்கு அனுப்பவே மாட்டேன் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். அவரோடு மல்லுக்கு நின்றவள் இந்த அக்காதான். உன்னைப் போலவே நாடு, மானம், வீரம் எல்லாவற்றையும் மனதார நம்பினாள்.

அவள் மணக்க இருந்த ரோலண்ட் லேட்டன் பிரான்சுப் போர்முனையில் இருந்தான். 1915 கிறிஸ்துமஸ் லீவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். பிரைட்டன் ஊரில் ஒரு விடுதியில் காத்திருந்தவளுக்கு டிசம்பர் 26 அன்று வந்தது சாவுச் செய்தி. முள்கம்பி வேலியைப் பார்க்கப் போன இடத்தில் குண்டடிபட்டு மூன்று நாள் முன்பே இறந்திருந்தான். பெரிய சண்டை எதுவும் அன்று நடக்கவில்லை. பிறகு அவன் உடுப்புகள் வீடு வந்து சேர்ந்தன. சேறும் இரத்தமும் ஊறிக் காய்ந்த சீருடை. அறை முழுக்கப் பிணவாடை. கண்ணில் படாமல் அப்புறப்படுத்துங்கள் என்று அவன் அம்மா சொல்லிவிட்டார். நர்ஸாக வேலை பார்த்தவள் நான். அந்த வாடையை எந்த மேடைப் பேச்சும் உனக்குச் சொல்லாது.

1917-இல் நண்பன் ஜெஃப்ரி போனான். இன்னொரு நண்பன் விக்டருக்குக் குண்டு பட்டுப் பார்வை போனது. அவனைக் கல்யாணம் செய்து பார்த்துக்கொள்கிறேன் என்று மால்டாவில் பார்த்துவந்த நர்ஸ் வேலையை விட்டு வேரா ஓடி வந்தாள்; அவனும் பிழைக்கவில்லை. 1918 ஜூனில் இத்தாலி மலையில் எட்வர்டும் போய்ச் சேர்ந்தான்.

இழப்பு மட்டுமே ஒருவரை மாற்றிவிடும் என்று நான் நம்பவில்லை. அதே துக்கத்தில் பழிவாங்கத் துடித்தவர்கள் எத்தனையோ பேர். வேராவுக்கு இடையில் வேறொன்று வாய்த்தது. 1917-இல் பிரான்சின் எத்தாப்ல் ராணுவ ஆஸ்பத்திரியில் அவளைப் போட்டது காயம்பட்ட ஜெர்மன் கைதிகளின் வார்டில். தம்பி போர்முனையில் ஜெர்மானியரோடு சண்டையில் இருக்க, அக்கா இங்கே அவர்கள் புண்ணைக் கழுவிக் கட்டினாள். கட்டுப் பிரிக்கும்போது வலி தாங்காமல் நம் கையைப் பிடிக்கிறவன் எந்த நாட்டான் என்று கேட்கத் தோன்றாது, கண்ணு. பிடியின் இறுக்கம்தான் தெரியும்.

அந்த நாட்களையெல்லாம் 1933-இல் ‘டெஸ்டமென்ட் ஆஃப் யூத்’ என்ற புத்தகமாக எழுதினாள். அத்தோடு நிற்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் லண்டன் மீதே குண்டு விழுந்துகொண்டிருந்தது. அப்போதும், ஜெர்மன் நகரங்கள் மீது சொந்த நாடு குண்டு பொழிவதைக் கண்டித்து எழுதினாள். 1944-இல் அது சிறுநூலாக வந்தது. ஹிட்லரை எதிர்க்காமல் விட முடியுமா என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி, எனக்கும் அது உறுத்துகிறது. ஆனால் தூங்குகிற பிள்ளைகள் மீது குண்டு போடாதீர்கள் என்று சொல்ல, அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

எதிரிக்குப் பரிந்து பேசுகிறாள் என்று அவளைத் திட்டித் தீர்த்தார்கள். அமெரிக்கப் பத்திரிகைகளும் சேர்ந்துகொண்டன. இங்கிலாந்தைப் பிடித்ததும் யார் யாரைக் கைது செய்வது என்று நாஜிகள் போட்டு வைத்திருந்த பட்டியல் 1945-இல் அகப்பட்டது. அதில் வேராவின் பெயரும் இருந்தது.