பழைய பாட்டு கேட்க வந்தவர்கள்

2011 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிகா முதன்முதலாக இந்தியாவில் வாசித்தது அன்றுதான். இடம் பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ். மறுநாள் திங்கட்கிழமை, ராக் பாடகர் லூ ரீடுடன் சேர்ந்து அவர்கள் போட்ட ‘லூலு’ ஆல்பம் வெளியானது. ஆல்பம் போட்டால் அதை விற்க ஊர் ஊராகப் போவதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். இவர்களோ புது ஆல்பம் வருவதற்கு முந்தின இரவு பல்லாயிரம் பேர் முன்னால் வாசித்துவிட்டு, அதிலிருந்து ஒரே ஒரு பாட்டைக்கூடத் தொடாமல் இறங்கிப் போனார்கள். என்னைச் சுற்றி நின்ற ஒருவரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சொல்லப்போனால், எங்கே வாசித்துவிடுவார்களோ என்றுதான் பயந்துகொண்டிருந்தார்கள்.

எனக்கு மெட்டாலிகா வந்து சேர்ந்தது கேசட்டில். 1991இல் வந்த, முழுக்கக் கறுப்பு அட்டை போட்ட ஆல்பம். அதன் பெயரும் ‘மெட்டாலிகா’தான்; உலகம் அதை ‘பிளாக் ஆல்பம்’ என்று சொல்லிப் பழகிவிட்டது. கல்லூரி விடுதியில் சீனியர் ஒருவரிடம் கிட்டார் இருந்தது. அந்த ஆல்பத்தின் ‘நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்’ பாட்டின் தொடக்கத்தை அவர் வாசித்துக் காட்டியபோது இடது கைக்கு வேலையே இல்லை. எந்தக் கம்பியையும் அழுத்த வேண்டாம்; திறந்த கம்பிகளை வரிசையாக மீட்டினால் போதும், மெட்டு வந்துவிடும். குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் ஒரு கையில் ஃபோனைப் பிடித்துக் காதலியோடு பேசிக்கொண்டே மறுகையால் சும்மா மீட்டிக்கொண்டிருந்தபோது பிறந்தது அது என்று பிற்பாடு படித்தேன். ஆல்பத்தில் சேர்க்கும் எண்ணமே முதலில் அவருக்கு இல்லையாம். எங்கள் விடுதியில் கிட்டார் கையில் கிடைத்த எவனும் முதலில் வாசித்தது இதைத்தான். அடுத்து ‘இளைய நிலா’வுக்குப் போய், பாதியில் விரல் சிக்கி, திரும்ப இதற்கே வருவான்.

அங்கிருந்து பின்னோக்கிப் போனேன். ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’, 1986. தலைப்புப் பாட்டில் ஹெட்ஃபீல்டின் வலது கையைத்தான் கவனிக்க வேண்டும். கம்பியை மேலும் கீழுமாக மாற்றி மாற்றி அடித்தால் பாதி உழைப்பில் முடிகிற வேலை. அவர் அந்த வேகத்திலும் மேலிருந்து கீழாகவே அடித்துக்கொண்டு போவார். எட்டரை நிமிடப் பாட்டு அது. அந்த ஒலிக்கு அப்படியொரு முரட்டுக் கனம் வருவது அந்தப் பிடிவாதத்தால்தான். எங்கள் சீனியர் முயன்று பார்த்துவிட்டு, அரை நிமிடத்தில் முன்னங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பெங்களூர் போன அந்த 2011இல் தீபாவளி அக்டோபர் 26. ஆகவே ஞாயிறு காலை பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் முழுக்க, லீவு முடிந்து பெங்களூர் திரும்புகிற ஐ.டி. பிள்ளைகளும் அவர்கள் மடியில் பலகார டப்பாக்களும். நடுநடுவே கறுப்பு டீ-ஷர்ட்டுகள். அரக்கோணம் தாண்டியதும் எதிர் சீட்டு அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். “ஏம்ப்பா, கார்த்திகை பொறக்க இன்னும் நாள் இருக்கே, அதுக்குள்ள மாலை போட்டுட்டீங்களா?” என்றார். என் நண்பன் திரும்பி உட்கார்ந்தான்; அவன் நெஞ்சில் இருந்த மண்டையோட்டைப் பார்த்ததும் அந்தம்மா பேச்சை நிறுத்திக்கொண்டார். ஆனாலும் ஆம்பூர் வருவதற்குள் ஆளுக்கொரு அதிரசம் கொடுத்துவிட்டார்.

எங்கள் கவலை வேறு. முந்தின வெள்ளிக்கிழமை குர்கானில் நடக்க வேண்டிய மெட்டாலிகா நிகழ்ச்சி நடக்கவில்லை. முன்வரிசைத் தடுப்பு தாங்கவில்லை; பாதுகாப்பில்லை என்று நிகழ்ச்சியை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார்கள். ஆத்திரப்பட்ட கூட்டம் மேடையில் ஏறிச் சாமான்களை உடைத்தது. கடைசியில் எல்லாமே ரத்து. ஏற்பாட்டாளர்களில் சிலரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. பெங்களூரிலும் இதே கதிதானோ என்று வழியெல்லாம் செல்போனைப் பார்த்துக்கொண்டே போனோம். கன்டோன்மென்ட்டில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். பெங்களூரில் மெட்ரோ ஓடத் தொடங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஊரே அதில் ஏறி இறங்கி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் போக வேண்டிய பக்கம் அது போகவில்லை என்பதால் ஆட்டோக்காரர் சொன்னதுதான் கூலி.

‘லூலு’ பற்றிய பேச்சு முழுக்க வரிசையில் நின்றபோது நடந்தது. அதிலிருந்து ‘தி வியூ’ என்ற பாட்டைச் செப்டம்பரிலேயே வெளியிட்டிருந்தார்கள், கேட்டவர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். லூ ரீட் பாடவில்லை, பேசுகிறார். பின்னால் மெட்டாலிகா தன்பாட்டுக்கு இடித்துக்கொண்டிருக்கிறது. ஒருவர் வாசிப்பது மற்றவர் காதில் விழுந்த மாதிரியே இல்லை. குற்றச்சாட்டு இதுதான். முன்னால் நின்ற தில்லிப் பையன் ஒருவன் குர்கானில் ஏமாந்து, விமானம் ஏறி இங்கே வந்திருந்தான். அவனுக்குக்கூட ஏற்பாட்டாளர்கள்மேல் இருந்த கோபத்தைவிட லூ ரீட்மேல் இருந்த கோபம் பெரிதாக இருந்தது.

என் நண்பன் சேலத்துக்காரன். மெட்டாலிகாவின் துரோகங்களை வருஷவாரியாகச் சொல்லுவான். 1996இல் முடியை வெட்டிக்கொண்டு ‘லோட்’ என்ற ஆல்பம் போட்டார்கள். 2000இல் பாட்டுப் பகிர்வுச் சேவையான நாப்ஸ்டர்மேல் வழக்குப் போட்டு, பாட்டைப் பகிர்ந்துகொண்ட சொந்த ரசிகர்களையே குற்றவாளிகள் ஆக்கினார்கள். 2003இல் ‘செயின்ட் ஆங்கர்’. அதில் கிட்டார் சோலோ ஒன்றுகூடக் கிடையாது, டிரம்ஸ் சத்தமோ தகர டப்பா. 2008இல் ‘டெத் மேக்னெடிக்’ போட்டுப் பாதிப் பாவத்தைக் கழுவினார்கள். இப்போது ‘லூலு’.

அவன் பட்டியலில் விட்டுப்போனது ஒன்று உண்டு. 1984இல் ‘ஃபேட் டு பிளாக்’ பாட்டில் மென்மையாக ஓர் அகூஸ்டிக் கிட்டார் கேட்டதற்கே ‘விலைபோய்விட்டார்கள்’ என்று முகம் திருப்பியவர்கள் உண்டு. 1991இல் தயாரிப்பாளர் பாப் ராக் வந்து வேகத்தைக் குறைத்து ஒலியை மெருகேற்றியபோது, அந்தக் கட்சி இன்னும் பெரிதானது. அதாவது நானும் இவனும் நெஞ்சில் வைத்துக் கொண்டாடுகிற பிளாக் ஆல்பமே, எங்களுக்கு முன்னால் வந்தவர்களுக்குத் துரோகம்தான். ரசிகன் எந்த ஆல்பத்தில் உள்ளே நுழைகிறானோ, அதற்கு அடுத்ததிலிருந்து அவனுக்குச் சரிவு தொடங்கிவிடுகிறது. இதை அவனிடம் சொன்னேன். “நீ முதல்ல கியூவைப் பாரு, நகருது” என்றான்.

உள்ளே தரை நசநசவென்று இருந்தது. உள்ளூர்க் குழு இன்னர் சாங்டம் வாசித்தது. ஸ்காட்லாந்தின் பிஃபி கிளைரோ வாசித்தது. இரண்டுமே நல்ல குழுக்கள். ஆனால் கல்யாணத்துக்கு வந்தவன் வரவேற்புப் பன்னீரை நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

பிறகு விளக்கெல்லாம் அணைந்தது. திரையில் ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ படத்தின் கல்லறைக் காட்சி. ஈலை வாலக் கல்லறை கல்லறையாக ஓடுகிறார். எனியோ மோரிக்கோனேயின் ‘எக்ஸ்டஸி ஆஃப் கோல்ட்’ ஒலிக்கிறது. 1983 முதல் மெட்டாலிகா மேடையேறுவது இந்த இசையோடுதான். அதில் வரிகள் இல்லை, ஒரு பெண் குரலின் ஆலாபனை மட்டும். அதைக் கூட்டம் மொத்தமும் எடுத்துப் பாடியது. கிழிந்த ஜீன்ஸும் ஒட்டிய சேறுமாக நிற்கிற பையன்கள் ஓர் இத்தாலியரின் சினிமா இசையைச் சுருதி பிசகாமல் பாடுவதைக் கேட்டபோதே எனக்கு டிக்கெட் காசு தீர்ந்துவிட்டது.

அடுத்த கணம் ‘கிரீப்பிங் டெத்’. ஸ்பீக்கரில் கேட்பது வேறு, இது வேறு. லார்ஸ் உல்ரிக்கின் இரட்டை பேஸ் டிரம் காதுக்கு வருவதற்கு முன்னால் விலா எலும்புக்கு வந்தது. பாட்டின் நடுவில் கூட்டம் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்த வேண்டிய இடம் ஒன்று உண்டு. எத்தனையோ நாட்டுக் கூட்டங்கள் அதைக் கத்தியதை நேரடிப் பதிவுகளில் கேட்டிருக்கிறேன். இப்போது என் வாயும் கத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவன் வாயும். ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சேர்த்துப் பேசக் கூச்சப்படுகிற என் நண்பன் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ முழுவதையும் ஓரெழுத்து விடாமல் பாடினான். ‘ஒன்’ பாட்டுக்கு முன்னால் போர்க்களச் சத்தம் எழுந்தபோது பின்னாலிருந்து ஒரு தள்ளு. எங்கள் இருவரையும் பிரித்து எங்கோ கொண்டுபோய் நிறுத்தியது. ‘நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்’ வந்தபோது நான் முன்பின் தெரியாத யாருடைய தோள்மேலோ கைபோட்டிருந்தேன். மேடையில் ஹெட்ஃபீல்ட் அந்தத் திறந்த கம்பிகளை மீட்டினார். எங்கள் சீனியர் வாசித்த அதே மெட்டு, அவ்வளவு எளிதாக.

எங்கள் ஊர் சபாக்களில் தனி ஆவர்த்தனம் முடிந்ததும் மேடைக்குத் துண்டுச் சீட்டுகள் போகும். அதில் கேட்பது எப்போதும் நூறு முறை கேட்ட அதே துக்கடாவைத்தான். ‘நீங்கள் புதிதாகப் போட்டது ஏதாவது பாடுங்கள்’ என்று சீட்டு எழுதிய ரசிகரை நான் பார்த்ததில்லை. பேலஸ் கிரவுண்ட்ஸில் நாங்கள் எல்லோரும் சீட்டு எழுதிக்கொண்டு வந்தவர்கள்தான், எழுதாமலே. அதில் தவறேதும் இல்லை. இருபது வருடம் காத்திருந்தவனுக்குக் கேட்டது கிடைக்க வேண்டும். ஆனால் மேடையில் நின்றவர்களை நினைத்துப் பார்க்கலாம். ஹெட்ஃபீல்டுக்கு அப்போது 48 வயது. முப்பது வயதுக்குள் எழுதிய பாட்டுகளை அதே வேகத்தில், அதே கோபத்தோடு ஊர் ஊராக வாசிக்க வேண்டும். கையில் சுடச்சுடப் புதிதாக ஒன்று இருக்கிறது. அதை எடுக்க முடியாது.

அந்தப் புதியதை நான் முழுசாகக் கேட்டது சில வாரம் கழித்து, சென்னையில். இரண்டு குறுந்தகடுகள், பத்துப் பாட்டுகள், ஏறக்குறைய எண்பத்தேழு நிமிடம். ஜெர்மன் நாடகாசிரியர் ஃபிராங்க் வெடெகிண்டின் இரண்டு நாடகங்களிலிருந்து வந்த கதை. ஆண்களை அழித்துத் தானும் அழிகிற லூலு என்ற பெண்ணின் வாழ்க்கை. பெர்லினில் ராபர்ட் வில்சன் மேடையேற்றிய நாடகத்துக்காக ரீட் எழுதியவை இவை. 2009இல் நியூயார்க்கில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழா மேடையில் மெட்டாலிகாவோடு வாசித்தது ரீடுக்குப் பிடித்துப்போக, சேர்ந்து ஓர் ஆல்பம் செய்யலாம் என்று தொடங்கி, கடைசியில் இந்தப் பாட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். அப்போது அவருக்கு 69 வயது.

முதல் தட்டு எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஒரே ரிஃப்பை ஏழெட்டு நிமிடம் சுற்றிச் சுற்றி அரைக்கிறார்கள். ரீட் அதன்மேல் ஏதோ கடிதம் படிப்பதுபோல் போகிறார். ஹெட்ஃபீல்ட் இடையில் புகுந்து ஒரு வரியைக் கத்திவிட்டு ஓடுகிறார். இதைப் புரட்சி என்று சொன்ன விமர்சகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நான் தாண்டிப் போவது நேராகக் கடைசிப் பாட்டுக்கு: ‘ஜூனியர் டாட்’. பத்தொன்பது நிமிடத்துக்கு மேல் நீளும் பாட்டு. தகப்பனைப் பற்றியது. ரீட் அங்கே அதட்டவில்லை. களைத்துப்போன கிழவனாக, மெதுவாக, கேட்கிற மாதிரி பேசுகிறார். மெட்டாலிகா, இடிப்பதற்கென்றே பிறந்த மெட்டாலிகா, பின்னால் அலையாக வந்து விலகிப் போகிறது. பேச்சு முடிந்த பிறகு தந்தி வாத்தியங்களின் ஒற்றைச் சுருதி மட்டும் நிமிடக் கணக்கில் நீண்டுகொண்டே போகும்.

இந்தப் பாட்டை ஸ்டூடியோவில் கேட்டபோது கிட்டார் கலைஞர் கிர்க் ஹாமெட் தாங்க முடியாமல் எழுந்து சமையலறைக்குப் போய் அழுதிருக்கிறார். சற்று முன்புதான் அவருடைய அப்பா இறந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் ஹெட்ஃபீல்டும் அங்கே வந்து நின்று அழுதாராம். ஹெட்ஃபீல்டின் தகப்பன் அவரைச் சிறுவயதிலேயே விட்டுவிட்டுப் போனவர். இரண்டு பேரையும் ஒரே பாட்டில் உடைத்துவிட்டேன் என்று ரீடுக்கு ஏகப் பெருமை.

அமெரிக்காவில் ‘லூலு’ முதல் வாரம் விற்றது சுமார் 13,000 பிரதி. ‘டெத் மேக்னெடிக்’ முதல் மூன்றே நாளில் 4,90,000 விற்றிருந்தது. மெட்டாலிகா ரசிகர்கள் தன்னைச் சுட்டுவிடுவதாக மிரட்டுகிறார்கள் என்று ரீட் பேட்டியில் சொன்னார். தனக்கென்று ரசிகர் யாரும் மிச்சமில்லை, ‘மெட்டல் மெஷின் மியூசிக்’ போட்டபோதே ஓடிவிட்டார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். 1975இல் வந்த அந்த ஆல்பம், பாட்டே இல்லாமல் கிட்டாரின் இரைச்சல் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுவது. ரசிகர்களைத் துரத்துவதில் முப்பத்தாறு வருட அனுபவம் உள்ளவர் அவர். மெட்டாலிகாவுக்குத்தான் அது புதிது. டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்கில் தங்கள் முப்பதாம் ஆண்டு விழாவுக்கு அவரை மேடைக்கே அழைத்து வாசித்தார்கள். 2013 அக்டோபரில் ரீட் இறந்தார். ‘லூலு’தான் லூவின் தலைசிறந்த படைப்பு, உலகம் அதைப் புரிந்துகொள்ளக் காலம் பிடிக்கும் என்று பாடகர் டேவிட் போவி தன்னிடம் சொன்னதாக, 2015இல் ஒரு விழா மேடையில் ரீடின் மனைவி லாரி ஆண்டர்சன் சொன்னார். போவி சொன்னாலும் முதல் தட்டு விஷயத்தில் நான் இறங்கி வருவதாக இல்லை.

2023 ஏப்ரலில் ‘72 சீசன்ஸ்’ வந்தது. சேலத்து நண்பன் அன்று இரவே ஃபோன் செய்தான். இப்போது அவனுக்குத் தொப்பை, இரண்டு பிள்ளைகள், மண்டையோட்டுச் சட்டை அவன் மனைவி பைக் துடைக்க எடுத்துக்கொண்டதாகக் கேள்வி.

“கேட்டியாடா? அப்படியே பழைய மெட்டாலிகா மாதிரி இருக்கு!”

அவனிடம் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

“திரும்ப இந்தியா வந்தா போறோம், சரியா? என்ன பாட்டு வாசிக்கணும் சொல்லு.”

“ஜூனியர் டாட்.”

கொஞ்ச நேரம் எதிர்முனையில் சத்தமில்லை.

“டிக்கெட்டை நீ தனியா போட்டுக்கோ,” என்றான்.