ஊர்ப்பலகையில் ஒரு பக்தாதுக் கனவு

இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் மாவட்டத்துச் சிற்றூர்களின் நுழைவாயிலில் மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டிய பலகைகள் நிற்கின்றன. 1920-களில் பரவிய வழக்கம் இது. ஆற்றங்கரை ஊராயின் படகு, வயலூராயின் கதிர்க்கட்டு என, எழுத்தறியாதவரும் ஊரை அறிந்துகொள்ளலாம். இவற்றுள் இருநூற்றுக்கும் மேற்பட்டவற்றைச் செதுக்கியவர் ஹாரி கார்ட்டர் என்னும் ஓவிய ஆசிரியர். 1929-இல் தம் சொந்த ஊராகிய ஸ்வாஃபத்துக்கு அவர் செதுக்கியது, முதுகில் மூட்டையும் உடன் ஒரு நாயுமாக நிற்கும் ஓர் ஏழை வியாபாரியை.

லண்டன் பாலத்துக்குப் போனால் நற்செய்தி கிட்டும் என்று அவ்வியாபாரி கனவு கண்டானாம். ஏறத்தாழ நூறு மைல் நடந்தான். தேம்ஸ் நதியின் மேலிருந்த அப்பாலத்தில் அக்காலத்தில் கடைகளும் வீடுகளும் நெருங்கியிருந்தன. மூன்று நாள் வீணே நின்றவனை ஒரு கடைக்காரர் விசாரித்துவிட்டு நகைத்தார். "கனவை நம்புவதா? ஸ்வாஃபம் என்ற ஊரில் ஒரு வியாபாரியின் தோட்டத்து மரத்தடியில் புதையல் இருப்பதாக நானும்தான் கனவு கண்டேன். புறப்பட்டுப் போய்விட்டேனா?" என்றார். வந்தவன் ஒன்றும் பேசாமல் ஊர் திரும்பித் தன் தோட்டத்தைத் தோண்டினான்.

நம் இல்லங்களில் இதைப் படிப்போர், "இது மஸ்னவியில் உள்ளதாயிற்றே!" என்பார்கள். உண்மைதான். ஹிஜ்ரி 672-இல் (கி.பி. 1273) மறைந்த மௌலானா ஜலாலுத்தீன் ரூமி (ரஹ்) அவர்கள் மஸ்னவியின் ஆறாம் பாகத்தில் இதனைச் சொல்கிறார்கள். தந்தை வழிச் சொத்தை அழித்துவிட்ட பக்தாதுவாசி, கனவை நம்பி மிஸ்ருக்குப் போகிறான். பகலில் இரக்க வெட்கப்பட்டு இரவில் வெளியே வர, காவலன் திருடனென்று அடிக்கிறான். அடித்தவன் வாயிலிருந்தே தன் வீட்டுப் புதையலின் இடத்தை அறிகிறான். ஆயிரத்தொரு இரவுகளிலும் இக்கதை உண்டு. இவற்றுக்கெல்லாம் முன்பே, ஹிஜ்ரி 384-இல் (கி.பி. 994) காலமான காஜி தனூகீ, துன்பத்துக்குப் பின் வரும் விடுதலையைப் பற்றித் தொகுத்த அரபு நூலில் இதை எழுதி வைத்தார். ஸ்வாஃபம் கதை எழுத்தில் ஏறியதோ 17-ஆம் நூற்றாண்டில்தான். நைலும் தஜ்லாவும் இருந்த இடத்தில் தேம்ஸ் வந்து அமர்ந்துகொண்டது.

எனவே அது வெறும் இரவல் என்று தள்ளிவிடலாமா? அது நியாயமன்று. ஜான் சாப்மன் என்பவர் அவ்வூரில் மெய்யாகவே வாழ்ந்தார். 1462-இல் தேவாலயத்தின் நிர்வாகிகளுள் ஒருவராயிருந்தார். அதன் வடபுற நடைக்கூடத்தைத் தம் செலவில் கட்டினார். ஊரின் பழைய நன்கொடைப் பதிவேடு இதற்குச் சாட்சி. 'சாப்மன்' என்னும் பழைய ஆங்கிலச் சொல்லுக்கே வியாபாரி என்று பொருள். அதனால்தான் அவர் நினைவாகத் தேவாலய இருக்கையில் மூட்டை சுமந்த வியாபாரியையும் நாயையும் செதுக்கினர் என்பது ஆய்வாளர் கருத்து. நம்மவருள் ஒரு ராவுத்தரின் நினைவாகக் குதிரையைச் செதுக்குவது போல என்று கொள்ளலாம். காலம் சென்றது, பெயரின் சிலேடை மறந்தது. மூட்டைக்காரனுக்கு இவ்வளவு பொருள் எப்படி வந்தது என்று மக்கள் கேட்டனர். கேள்விக்குப் பொருத்தமான விடையாகக் கீழ்த்திசைக் கனவு வந்து ஒட்டிக்கொண்டது.

கனவு பழையதாயினும் அவர்கள் தாமாகச் சேர்த்தவை இரண்டு. புதையல் பொதுப்பணிக்குச் செலவானது என்பது ஒன்று. கைப்பொருளைக் கரைத்தவனின் கதைக்கு இது நல்ல மறுபக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது. மற்றொன்று அந்தப் பானை. வியாபாரிக்கு எழுத்து வாசனை கிடையாது. மூடியிலிருந்த லத்தீன் வரிகளைப் பொருட்படுத்தாமல் பானையை வீட்டில் வைத்திருந்தான். அவ்வழியே போனவர்கள் படித்துச் சொன்னார்கள்: இதற்குக் கீழே இதனினும் பெரியதொன்று உளது என்று. அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மீண்டும் மரத்தடிக்குப் போனான்.