ஒழுகும் இடமும் நனையும் இடமும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை நம் கடற்கரை ஊர்களை நனைக்கும்போது, ஒழுகும் கூரையைப் பற்றிக் கவலைப்படுவோர் பலர். ஒழுகும் காரைப் பற்றிக் கவலைப்படுவோர் சிலரே. நனைந்த மேட்டை எடுத்து மதில்மேல் போட்டு, இரண்டு நாள் வெயில் கண்டதும் மீண்டும் விரித்து, அத்துடன் கவலை தீர்ந்ததாக எண்ணுவது வழக்கமாகிவிட்டது. மேட் காய்ந்துவிடுகிறது, உண்மைதான். அதன் கீழுள்ள சணல் விரிப்பும், அதற்கும் கீழுள்ள தகரமும் காய்வதில்லை. இரும்பும் நீரும் காற்றும் கூடுமிடத்தில் துரு பிறக்கும். அத்துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால், மேற்பூசிய பெயின்டைத் தூக்கி உரித்து, தகட்டின் இணைப்புகளையும் பிளந்து விடுகிறது. கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் கேட்க வேண்டியதே இல்லை.

நம் பங்கு இல்லத்தில் உள்ளது 1988-ஆம் ஆண்டு அம்பாசிடர் கார். இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் உருவாகி, 2014-ஆம் ஆண்டு மே மாதத்தோடு உற்பத்தி நின்றுபோன வண்டி அது. லாரியைப் போலத் தனிச் சட்டத்தின்மீது பாடியை ஏற்றி வைத்த அமைப்பு அன்று. தளமும், கதவுகளின் கீழுள்ள பெட்டித் தகடுகளும், தூண்களும், கூரையும் ஒன்றாக வெல்டிங் செய்யப்பெற்று, அந்த ஒன்றிப்பே வண்டியின் முதுகெலும்பாக விளங்குகிறது. ஆகவே தளத்தில் தேங்கும் நீர் வெறும் அசௌகரியம் அன்று; வண்டியின் எலும்பையே அரிக்கும் நோய்.

சென்ற ஆண்டு மழையில் பின்னிருக்கையின் இடப்பக்கத் தளத்தில் இரண்டு விரற்கடை நீர் நின்றது. அது யாருடைய இடம் என்பதைச் சொல்ல வேண்டும். நம் பங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வாரம் இருமுறை டயாலிசிஸ் சிகிச்சைக்காக நகரத்து மருத்துவமனைக்குச் செல்பவர். நீரிழிவினால் காலில் ஆறாப் புண் உள்ளவர். பேருந்துப் படி ஏற இயலாதவர். அவரை ஏற்றிச் செல்வது இந்த வண்டிதான். கட்டுப்போட்ட கால் நனையக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்க, அவர் இரு கால்களையும் இருக்கையின்மீது தூக்கி வைத்துக்கொண்டு பயணம் செய்தார்.

நகரத்துப் பட்டறை ஒன்றில் காட்டினோம். "தளம் முழுவதும் மாற்ற வேண்டும், பெயின்ட் வேலையும் சேரும்" என்று சொல்லிப் பெருந்தொகை ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். நீர் எவ்வழியாக வருகிறது என்று கேட்டதற்கு, "பழைய வண்டி, அப்படித்தான்" என்பதே விடை. பங்குப் பேரவையில் சிலர் காயலான் கடைக்குக் கொடுத்துவிடலாம் என்றார்கள். அப்படிக் கொடுத்தால் ஆசிரியரின் பயணத்துக்கு வாடகை வண்டிக்கு மாதந்தோறும் ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பார்த்தபோது பேரவை அமைதியாயிற்று.

பங்கில் நாற்பது ஆண்டுகள் டிங்கர் வேலை செய்த பெரியவர் ஒருவர் முன்வந்தார். "சாமி, தண்ணி நிக்கிற எடத்தப் பாக்காதீங்க. அது வர்ற வழியப் பாக்கணும்" என்றார். ஒழுகும் இடம் ஒன்று, நனையும் இடம் வேறொன்று. கண்ணாடியின் மூலையில் நுழையும் துளி, ஒயர்க் கட்டின் வழியே ஓடிக் காலடியில் சொட்டும். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதற்கண் அது என்ன நீர் என்று அறிய வேண்டும். மழையில்லா நாளிலும் முன்தளம் தெளிந்த நீரால் நனைந்தால், ஏ.சி. வடிகுழாய் அடைத்திருக்கலாம். நிறமும், வழவழப்பும், இனிப்பு வாடையும் இருந்தால், ஹீட்டர் உள்ள வண்டிகளில் அது ரேடியேட்டர் கூலன்ட் ஆகும். பிரேக் பெடலின் அருகே எண்ணெய்ப் பசையாக இருந்தால் பிரேக் ஆயில் எனக் கொண்டு, வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும். நம் வண்டியில் ஏ.சி.யும் இல்லை, ஹீட்டரும் இல்லை. மழைக்குப் பின்னரே நனைந்தது. எனவே அது மழைநீரே.

அடுத்து, இருக்கைகளையும் விரிப்புகளையும் கழற்றி, தளத்தை முற்றிலும் உலர்த்தினோம். ஈரத்தின்மேல் ஈரத்தைத் தேடுவது வீண். உலர்ந்தபின் தளமெங்கும் செய்தித்தாள் விரித்து, இணைப்புகளின் ஓரமாகச் சாக்குக்கட்டித் தூளைத் தூவினோம். நீர் வந்த தடம் அத்தூளில் கோடாகத் தெரியும். பெரியவர் டார்ச் விளக்குடன் உள்ளே அமர்ந்து கதவுகளைச் சாத்திக்கொள்ள, ஓட்டுநர் தம்பி ஹோஸ் பைப்பைப் பிடித்தார். இங்கே ஒரு விதி உண்டு: கீழிருந்து மேலே செல்ல வேண்டும். முதலிலேயே கூரைமேல் ஊற்றினால், வழியும் நீர் எல்லா இடங்களையும் நனைத்து, எது வழி என்று காட்டாது. தளத்தின் அடிப்புறம், கதவின் கீழ்ப்பகுதி, கதவுக் கண்ணாடி, முன் கண்ணாடி, கூரை என்னும் வரிசையில், ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள் மெல்லிய ஓட்டமாக நீர்விட வேண்டும். பீய்ச்சியடித்தால் மழை ஒருபோதும் நுழையாத இடத்திலும் நீர் நுழைந்து நம்மை ஏமாற்றும்.

ஒரு பிற்பகலுக்குள் மூன்று வழிகள் வெளிப்பட்டன.

முதலாவது, பின் இடப்பக்கத் தளத்தின் அடியில் இருக்க வேண்டிய வட்ட ரப்பர் மூடி விழுந்துபோயிருந்தது. சாலையில் தேங்கிய நீரைச் சக்கரம் வாரியடிக்கும்போது அது அத்துளை வழியாக மேலேறியது.

இரண்டாவது, அதே பக்கத்துப் பின்கதவு. கதவுக் கண்ணாடியின் வெளிப்புறம் வழியும் மழைநீரில் ஒரு பகுதி கதவின் உள்ளே இறங்குவது இயல்பே. அது வெளியேறுவதற்காகக் கதவின் அடிவிளிம்பில் சிறு துளைகள் உண்டு. அவை வேப்பிலைச் சருகாலும் மண்ணாலும் அடைபட்டிருந்தன. டோர் பேடின் பின்னால் நீரைத் தடுக்க ஒட்டியிருந்த பாலிதீன் தாளும் கிழிந்து தொங்கியது. எனவே வெளியே போக வேண்டிய நீர் உள்ளே வந்தது.

மூன்றாவது, முன் கண்ணாடியைத் தாங்கும் ரப்பர். அதன் கீழ் வலமூலை வெயிலால் விறைத்து வெடித்திருந்தது.

பரிகாரங்கள் எளியவை. துளைக்குப் புதிய ரப்பர் மூடி வைத்து, விளிம்பில் சீலன்ட் இட்டோம். கதவின் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்தபோது ஒரு குவளை அளவு கறுத்த நீர் கொட்டியது. பாலிதீன் தாளைப் புதிதாக ஒட்டினோம். கதவு ரப்பர் இறுகப் பிடிக்கிறதா என்றறிய, தாள் துண்டு ஒன்றை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்க்க வேண்டும். தடையின்றி வந்துவிட்டால் பீடிங்கை மாற்ற வேண்டும். முன் கண்ணாடிக்கு, இறுகிப்போகாத மாஸ்டிக் பசையை ரப்பரின் உதட்டுக்கு அடியில் செலுத்தினோம். கடையில் கிடைக்கும் புளித்த வாடையுள்ள சிலிக்கோனை எங்கும் அப்பிவிடும் பழக்கம் நன்றன்று. அதிலிருந்து வெளிப்படும் அமிலம் வெறுந்தகரத்தை அரிக்கும்; அதன்மேல் பெயின்டும் ஒட்டாது.

வழியை அடைத்த பின்னரே துருவைத் தொட்டோம். பெரியவர் ஸ்குரூடிரைவரின் முனையால் தளமெங்கும் தட்டிப் பார்த்தார். நல்ல தகடு கணீரென்றது. கெட்டது மொத்தென்று ஒலித்து உள்வாங்கியது. உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடம் மட்டுமே கெட்டிருந்தது. பக்கத்துப் பெட்டித் தகடு உறுதியாக இருந்தது. அது கெட்டிருந்தால் நாமே வண்டியை நிறுத்தியிருப்போம்; ஏனெனில் விபத்து நேர்ந்தால் பயணிகளைத் தாங்குவது அதுவே. கெட்டதை நல்ல தகடு வரும்வரை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, பிரைமரும் அடிப்பூச்சும் கொடுத்தோம். துருவின்மேல் பட்டி பூசி மறைப்பது புண்ணின்மேல் பட்டுத்துணி போர்த்துவதாகும். வெல்டிங்கிற்குமுன் பேட்டரி இணைப்பை நீக்குவதும், பெட்ரோல் குழாய் செல்லும் இடத்தை அறிவதும், நனைந்த சாக்கையும் தீயணைப்பானையும் அருகில் வைப்பதும் கட்டாயம்.

எல்லாம் சேர்ந்து, பட்டறையார் எழுதிய தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே செலவாயிற்று. அடுத்த பெருமழையில் பின்தளத்துச் செய்தித்தாள் உலர்ந்தே இருந்தது. ஓட்டுநரின் காலடியில் மட்டும் சிறு ஈரம் கண்டது. மீண்டும் ஹோஸ் பைப்பை எடுத்துத் தேடியதில், வைபர் தண்டின் அடியிலுள்ள ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தது தெரிந்தது. அதையும் மாற்றினோம். ஒரு வழியை அடைத்தபின் மற்றொன்று தெரிவது பழைய வண்டியின் இயல்பு, அதற்காகச் சலித்துக்கொள்ளலாகாது.

ஆசிரியர் இப்போது இரு கால்களையும் கீழே ஊன்றி அமர்கிறார். "இனிமேல் நீட்டி உட்காரலாம், சாமி" என்று அவர் சொன்னதே நமக்குக் கிடைத்த கூலி.

பழைய கார் வைத்திருக்கும் குடும்பத்தினர் புரட்டாசி முடியுமுன் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குவார்களாக. பானட்டைத் திறந்து, முன் கண்ணாடியின் கீழுள்ள காடியில் சருகுகளை அள்ளுங்கள். நான்கு கதவுகளின் அடித்துளைகளையும் குத்திவிடுங்கள். மேட்டைத் தூக்கி, விரிப்பின் அடியில் கையை வைத்துப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அடியையும், பின்விளக்கு ரப்பரையும் நோக்குங்கள். கை நனைந்தால், துணியால் துடைத்து நிறுத்திவிடாமல், அந்நீர் எவ்வழியாக வந்தது என்று தேடத் தொடங்குங்கள்.