மீண்டும் ஒரு மயான காண்டம்

வடபகுதியில் பிறந்த பெண்களுக்கு மயான காண்டம் என்ன என்று விளக்கத் தேவையில்லை. பொய் சொல்ல மறுத்த அரிச்சந்திரன் நாட்டை இழக்கின்றான். கடனை அடைப்பதற்காக மனைவி சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் காசியில் ஒரு பிராமணருக்கு விற்கின்றான். தானும் சுடலைக் காவலுக்கு அடிமையாகின்றான். தர்ப்பை பறிக்கப் போன மகனைப் பாம்பு தீண்டுகின்றது. இறந்த பிள்ளையைத் தாய் தன்னந்தனியே சுடலைக்குத் தூக்கி வருகின்றாள். காவல் நிற்பவன் கணவன் என்பது அவளுக்குத் தெரியாது. வந்தவள் மனைவி என்பது அவனுக்கும் தெரியாது. கட்டணம் தராமல் பிணம் எரிக்க முடியாது என்கின்றான்.

தமிழகத்திலிருந்து வந்த நாடகக் குழுக்களிடம் கற்ற இசை நாடகத்தை யாழ்ப்பாணக் கலைஞர்கள் தமதாக்கிக் கொண்டார்கள். காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி.வி. வைரமுத்து (1924–1989) தமது வசந்தகான சபாவுடன் ஊர் ஊராகச் சென்று அரிச்சந்திரனாக நடித்தார். இந்நாடகம் மூவாயிரம் தடவைகளுக்கு மேல் மேடையேறியதாகச் சொல்வார்கள். பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்பது அக்கால வழக்கம்.

நான் வைரமுத்துவைப் பார்த்ததில்லை. அவரைப் பற்றிச் சொன்னவர் என் அம்மம்மா. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த அவருக்கு, அந்த நாடகத்தைப் பற்றிக் கதைப்பது ஊரைப் பற்றிக் கதைப்பதாகவும் இருந்தது. 2002இல் போர்நிறுத்தம் வந்து அடுத்த வருடம், ஒரு கோயில் திருவிழாவில் வேறொரு குழு மயான காண்டம் போட்டது. எனக்குப் பதினைந்து வயது. பாயும் போர்வையும் கொண்டுபோய் விடியும்வரை அம்மம்மாவின் பக்கத்தில் இருந்தேன். அன்று எனக்கு அரிச்சந்திரன்தான் பெரியவனாகத் தெரிந்தான். ஆர்மோனியத்தோடு இழைந்த அந்தக் குரல் பல நாட்கள் காதுக்குள் கேட்டது. மகாத்மா காந்தியும் சிறு வயதில் ஒரு நாடகக் குழு நடத்திய அரிச்சந்திரனைப் பார்த்து, எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது என்று நினைத்ததாகச் சத்திய சோதனையில் எழுதியிருக்கின்றார். அவரைக் கவர்ந்ததும் அந்த அரசனின் வாய்மையே.

இருபது வருடங்களுக்குப் பிறகு, கடந்த ஆண்டு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு குழு வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் அதே நாடகத்தை மேடையேற்றியது. கொட்டாஞ்சேனையில் நான் சந்தித்து வரும் பெண்கள் ஏழு பேரையும் அழைத்தேன். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் எல்லாவற்றையும் இழந்து, கொழும்பில் வாடகை அறைகளில் இருந்து தையல் வேலையும் வீட்டு வேலையும் செய்பவர்கள் அவர்கள். பிள்ளை சாகின்ற காட்சி வரும் என்று முன்னரே சொன்னேன். பார்க்க முடியாவிட்டால் எழும்பி வெளியே வரலாம், ஒருவர் எழும்பினால் இன்னொருவர் கூடப் போக வேண்டும் என்று பேசிக்கொண்டோம். புறக்கோட்டைக்கு வந்து 100ஆம் இலக்க பஸ் ஏறினோம்.

விடிய விடிய நடந்த நாடகம் இங்கே இரண்டு மணித்தியாலமாகச் சுருங்கியிருந்தது. சந்திரமதியாக வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆண். முதலில் எங்களில் ஒருவர் சிரித்தார். பிள்ளையை மடியில் கிடத்தி அவர் பாடத் தொடங்கியதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. கால்பணமும் முழத்துண்டும் கேட்கும் கட்டம் வந்தபோது எனக்குப் பின்னால் இருந்த ஒரு அக்கா கோபத்தோடு, "பெத்த தகப்பனுக்குப் பிள்ளையின்ர முகம் தெரியேல்லையோ?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர், "உத்தியோகம் எண்டு வந்தா எல்லாருக்கும் அப்பிடித்தான்" என்றார். ஒரு கையொப்பத்துக்காகக் கச்சேரிக்கும் கிராம சேவகரிடமும் பல தடவை நடந்தவர் அவர்.

லோகிதாசனின் உடலைத் தோளில் போட்டபோது ஒருவர் எழும்பினார். பேசிக்கொண்டபடி இன்னொருவர் கூடப் போனார். மற்றவர்கள் அழுதார்கள். யாரும் யாரையும் அழவேண்டாம் என்று சொல்லவில்லை.

நாடகம் முடிந்து தேநீர்க் கடையில் இருந்தபோது, 2009இல் மகனைத் தொலைத்த அம்மா ஒருவர் சொன்னார்: "அவளுக்குத் தூக்கிக்கொண்டு போக ஒரு உடம்பாவது இருந்தது, தங்கச்சி." கொஞ்ச நேரம் யாரும் கதைக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு எந்த உளவளத்துணைப் பயிற்சியிலும் எனக்கு மறுமொழி கற்றுத் தரவில்லை. அவரது கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

சமூகவியல் படித்த நாட்களில் எமில் தூர்க்கைம் என்ற பிரெஞ்சு அறிஞரின் கருத்தொன்றைப் படித்தோம். துக்கம் காத்தல் தனி மனித உணர்ச்சியின் வெளிப்பாடு மட்டுமல்ல, சமூகம் தன் உறுப்பினர் மீது சுமத்தும் கடமை என்பார் அவர். எங்களிடையேயும் அப்படித்தான். எட்டு, அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் என்று ஒழுங்கு இருக்கின்றது. அயலவர் வருவார்கள், கூட இருந்து அழுவார்கள். காணாமற்போனவரின் தாய்க்கும் மனைவிக்கும் இந்த ஒழுங்கில் இடமில்லை. அழுதால் "நீயே சாகடிக்கிறியோ" என்பார்கள். பொட்டு வைத்தால் அதற்கும் கதை. இறந்தார் என்று சொல்லாமல் காணவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் 2016 முதல் சட்டத்தில் உண்டு. அது சில கருமங்களுக்கு உதவும். அழுவதற்கு ஓர் இடத்தை அது தராது. அன்று மாலை அந்த மண்டபம் அந்த இடத்தைத் தந்தது. சந்திரமதிக்காக அழுவதை யாரும் குறை சொல்ல முடியாதல்லவா!

பதினைந்து வயதில் நான் கேட்காத ஒன்றையும் அந்தத் தேநீர்க் கடையில் கேட்டேன். "உண்மை பேசின பேர் அவருக்கு; விலை குடுத்தது அவளும் பிள்ளையும்" என்றார் வெளியே எழும்பிப் போனவர். பெரிய கொள்கைகளுக்காக வீட்டுப் பெண்கள் கொடுத்த விலையை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை.

கதையின் முடிவில் வெட்ட ஓங்கிய வாள் மாலையாகும், மாண்ட பிள்ளை எழும்பும். இது எங்களுக்கு நடக்காது என்று அந்த அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும், "உதைப் பார்க்கத்தான் கடைசி மட்டும் இருந்தனான்" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மகனின் பகிடிக் கதைகளைச் சொன்னார். அவர் அழாமல் மகனைப் பற்றிக் கதைத்ததை நான் கேட்டது அதுவே முதல் தடவை.

சகோதரிகளே, உங்கள் ஊர்க் கோயிலுக்கோ மண்டபத்துக்கோ இந்நாடகம் வந்தால் போய்ப் பாருங்கள். முன்னர் பார்த்திருந்தாலும் போங்கள். தனியே போகாமல் நான்கு பேரைக் கூட்டிச் செல்லுங்கள். முடிந்தவுடன் வீட்டுக்கு ஓடாமல், ஒரு தேநீர் குடிக்கும் நேரமாவது சேர்ந்திருந்து கதையுங்கள்.