எந்தப் பக்கம் வெட்டுவது

2023 டிசம்பர் 18, திங்கள். டெல்ஃப்ட்

விடியற்காலையிலிருந்து நாற்பத்தொரு முறை போட்டுப் பார்த்துவிட்டேன். அப்பா, அம்மா, மைனி, எதிர்வீட்டு அண்ணாச்சி, யார் எண்ணுக்கும் போகவில்லை. கடைசியாக வந்தது நேற்று மாலை அம்மா அனுப்பிய குரல் பதிவு. பின்னால் மழைச் சத்தம். "குளம் நிறைஞ்சுட்டு. அப்பா கரைக்குப் போயிருக்காவ. நீ சாப்பிட்டியா?" அவ்வளவுதான்.

இரண்டு வாரத்துக்கு முன்பு சென்னை மூழ்கியபோது வகுப்பில் எல்லாரும் விசாரித்தார்கள். "எங்க ஊர் அங்கேயிருந்து அறுநூறு கிலோமீட்டர் தெற்கே, ஒன்றும் ஆகாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தச் சிரிப்பு இப்போது வாயில் கசக்கிறது.

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அடுப்படியில் என்னோடு படிக்கும் ஃபிரீஸ்லாந்துக்காரனிடம் சொன்னேன். "95 மில்லிமீட்டர்தானே?" என்றான். சென்டிமீட்டர் என்றேன். குளிர்பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளில் எழுதிக் காட்டினேன். புள்ளி எங்கே விழுந்திருக்கும் என்று தேடுவதுபோல அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். நெதர்லாந்தில் வழக்கமாக ஓராண்டு முழுக்கப் பெய்வதே 85 சென்டிமீட்டர் அளவுதான். பிறகு கேட்டான்: "வடிகால் எவ்வளவு தாங்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள்?" நல்ல கேள்விதான். வேறொரு நாள் கேட்டிருந்தால் நானே பலகையில் படம் போட்டு விளக்கியிருப்பேன். இன்று கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 19

இல்லை.

டிசம்பர் 20

ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுவிட்டது, எண்ணூறு பேர்வரை அதில் மாட்டிக்கொண்டார்கள் என்று செய்தி. தண்டவாளத்துக்குக் கீழே மண்ணே இல்லை. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகருக்குள் தண்ணீர். ஏரல் பாலத்தில் போக்குவரத்து இல்லை. ஏரலுக்குக் கிழக்கே எங்கள் ஊரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஊர் சின்னது என்றால் செய்தியிலும் சின்னதுதான்போல.

தூக்கம் வராமல் பழைய கோப்புகளைத் திறந்தேன். ஊக்கத்தொகைக்கு நான் எழுதிய கட்டுரை அகப்பட்டது. உலகப் பொறியியல், பல பண்பாடுகளிடமிருந்து கற்றல் என்று முதல் பத்தியிலேயே வந்துவிடுகிறது. மணலில் அடித்தளம் போடுவது எப்படி என்று ஆர்தர் காட்டன் கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்து கற்றுக்கொண்டார். நான் டச்சுக்காரர்களிடம் கற்கப் போகிறேன். கைம்மாறாக எங்கள் குடிமராமத்தைக் கொண்டுபோகிறேன். ஊரே கூடிக் குளத்தைப் பராமரித்த ஒற்றுமை என்று எழுதி வைத்திருக்கிறேன். படித்தவர்களுக்குப் பிடித்திருக்கும். பணமும் கொடுத்தார்கள்.

இங்கே வந்த புதிதில், அக்டோபரில், ஒரு வகுப்பில் கேட்ட இந்த நாட்டின் பழைய வழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. கரையில் ஆளுக்கொரு பங்கு. தன் பங்கைப் பராமரிக்க முடியாதவன் அதில் மண்வாரியைக் குத்திவிட்டு நிலத்தை விட்டுப் போய்விட வேண்டும். அந்த மண்வாரியைப் பிடுங்குகிறவனுக்கு நிலமும் சொந்தம், கரையும் அவன் பொறுப்பு. குறிப்பேட்டில் இதற்குப் பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி போட்டிருக்கிறேன். டெல்ஃப்ட் சுற்றுவட்டாரத்தின் நீர் வாரியம் 1289-இலிருந்து இருக்கிறது என்பதற்கு இரண்டு.

சாயங்காலம் என்னோடு படிக்கும், இந்தோனேசியாவின் செமாராங்குக்காரி ஒரு டப்பா சோறும் சம்பலும் கொண்டுவந்தாள். அவள் ஊரில் கடல் ஏறிக்கொண்டே இருக்கிறது, தரை இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஒன்றும் கேட்கவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள்.

டிசம்பர் 21, இரவு

அப்பா பேசிவிட்டார்கள்!

வரிசையாக எழுதுகிறேன். பியா என்று பெயர் வைத்த புயல். சைக்கிளை நிறுத்தினால் நிற்காது, அப்படிக் காற்று. ஹூக் ஃபான் ஹாலந்துக்குப் பக்கத்தில் ஆற்றுவாயை மூடும் மாஸ்லான்ட் தடுப்பு இன்று தானாக மூடியது. 360 மீட்டர் அகலமான கப்பல்வழிக்கு இரண்டு கதவுகள், ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளம், 22 மீட்டர் உயரம். ரோட்டர்டாமில் கடல் 3 மீட்டரைத் தொடும் என்று கணித்தால் கணினியே முடிவெடுத்து மூடும். 1997-இல் திறந்தார்கள், உயர்நீர் வந்து அது தானாக மூடியது இதுதான் முதல் முறை. அடுப்படியில் எட்டுப் பேர் ஒரு மடிக்கணினியைச் சுற்றி நின்று பார்த்தோம். 1953 வெள்ளத்தில் இங்கே 1836 பேர் செத்தார்கள். அந்த எண்ணைச் சொல்லாமல் இங்கே எந்தப் பாடமும் தொடங்காது. ஃபிரீஸ்லாந்துக்காரன் கத்தினான். நானும் கைதட்டினேன், வெட்கமில்லாமல்.

அப்போதுதான் மணி அடித்தது. தெரியாத எண். யாரோ ஜெனரேட்டர் வைத்திருப்பவர் வீட்டிலிருந்து. வீட்டுக்குள் சன்னல்வரை தண்ணீர் ஏறி இறங்கிவிட்டது. ஆச்சியைக் கட்டிலோடு தூக்கிப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். எல்லாரும் இருக்கிறார்கள். பிசான நெல் போய்விட்டது, வாழை போய்விட்டது. அதையெல்லாம் அப்பா கடைக்குப் போய்வந்த கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார்கள்.

"அது என்ன சத்தம், பிள்ள?"

கதவைப் பற்றிச் சொன்னேன். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது, ஏதேதோ விளக்கினேன்.

"மூடுனது யாரு?"

"கம்ப்யூட்டர்ப்பா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. இணைப்புப் போய்விட்டதோ என்று பயந்தேன்.

"நல்லதுதான். யாரும் முடிவெடுக்க வேண்டாம்லா."

டிசம்பர் 22

பதினொரு மணி நேரம் தூங்கினேன். எழுந்து ஒரு முழு ரொட்டியைத் தின்றேன்.

டிசம்பர் 25

அம்மா பேசினாள். நேரம் கிடைத்ததும் எல்லாம் கொட்டினாள். அலமாரி, பட்டுப்புடவைகள், என் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், மிதந்துபோன உரல்கூட. உரல் எப்படி மிதக்கும் என்று கேட்டேன், மர உரல்டி என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா சரியாவே பேச மாட்டேங்காவ. கீழூர்க்காரங்க சண்டைக்கு வந்துட்டாவ."

பதினேழாம் தேதி ராத்திரி, குளத்தின் உபரித் தண்ணீர் வழியும் மறுகால் கொள்ளாமல் தண்ணீர் கரைக்கு மேல் ஏறி நின்றிருக்கிறது. தானாக உடைந்தால் எங்கள் தெருப்பக்கம்தான் உடையும், கரை அங்கேதான் மெலிவு. ஒன்றரை மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் மம்பட்டியோடு போய்த் தென்பக்கம் வெட்டிவிட்டிருக்கிறார்கள். தென்பக்கம் கீழூரின் வயல். வயலைத் தாண்டினால் கீழூர். எங்கே வெட்டினால் கரை மொத்தமும் போகாது என்று காட்டிக்கொடுத்தது அப்பா.

"சொல்லிவிட்டுத்தான வெட்டுனாவ?"

"டார்ச்சோட ஒரு ஆள அனுப்புனோம்னு இவிய சொல்லுதாவ. யாரும் வரலன்னு அவிய சொல்லுதாவ."

உயிர்ச்சேதம் இல்லை. ஆடு, மாடு, பதினான்கு வீடு.

வெட்டாவிட்டால் ஆச்சியைக் கட்டிலோடு தூக்க நேரம் இருந்திருக்காது. இதை இங்கே எழுதி வைக்கிறேன். நாளைக்கு நான் பெரிய நியாயம் பேசினால் திருப்பிப் படிக்க.

குடிமராமத்துப் பத்தியை மறுபடி எடுத்துப் படித்தேன். 'ஊரே கூடி' என்று இருக்கிறது. கீழூருக்குக் கடைசி மடைத் தண்ணீர்தான் வரும். மடை திறக்கிற வேலை அவர்களுடையது, எப்போது திறப்பது என்கிற பேச்சு எங்கள் தெருவில். சின்ன வயதிலிருந்து பார்த்தது. கட்டுரையில் அதற்கு இடம் போதவில்லைபோலும், எண்ணூறு சொல்தானே கேட்டிருந்தார்கள்.

டிசம்பர் 29. நைமேகன்

எங்கேயாவது போகலாம் என்று தோன்றியது. தண்ணீரைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன், வேறு என்ன தெரியும் எனக்கு.

வால் ஆறு இங்கே வளைந்து குறுகும். 1995-இல் ஆறுகள் பெருகி, கரை உடையுமோ என்று இரண்டரை லட்சம் பேரை வீட்டை விட்டு வெளியேற்றினார்கள். கரையை உயர்த்திக்கொண்டே போக முடியாது, ஆற்றுக்கு இடம் விடுவோம் என்கிற திட்டம் அதற்குப் பிறகு வந்தது. லென்ட் பக்கத்தில் கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளி, நடுவே புதுக் கால்வாய் வெட்டி, ஒரு தீவையே உண்டாக்கிவிட்டார்கள். வெள்ளம் வந்தால் மூழ்கட்டும் என்றே கட்டிய நடைபாலம்கூட இருக்கிறது. கால் வைத்துப் போக வரிசையாகக் கற்கள். வகுப்பில் படத்தைப் பார்த்தபோது எனக்கு இந்த நாட்டின் மேல் காதலே வந்தது. நேரில் இன்னும் அழகு. ஆறு கலங்கலாக நிறைந்து ஓடுகிறது, யாரும் பதறவில்லை.

நாயோடு வந்த ஒரு பெரியவர் நான் படமெடுப்பதைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். தண்ணீரைக் கையால் காட்டி, "அங்கேதான் எங்கள் வீடு இருந்தது" என்றார். இந்தக் கால்வாய்க்காக ஐம்பது வீடுகள்வரை போயின. கோபமா என்று கேட்டேன். சிரித்தார். வருடக்கணக்காகக் கூட்டம் போட்டார்களாம். எல்லாரும் ஒத்துப்போகிறவரை உட்கார்ந்து பேசுவதற்கு இவர்களிடம் 'போல்டரன்' என்று தனி வினைச்சொல்லே இருக்கிறது. அந்தக் கூட்டங்களில் கொடுத்த காப்பி கழுவிவிட்ட தண்ணீர் மாதிரி இருந்தது என்பதுதான் அவருடைய முதல் புகார்.

"திட்டம் சரியானது. பணமும் ஒழுங்காக வந்தது. அம்மாதான் சாகும்வரை இந்தப் பக்கம் வந்து பார்க்கவே இல்லை."

நாய் இழுத்தது. போய்விட்டார்.

2024 ஜனவரி 2

மின்சாரம் வந்துவிட்டதாம். ஆச்சி "குளிருதாட்டி?" என்று மூன்று முறை கேட்டாள்.

ஜனவரி 7

குழுத் திட்டத்துக்கு முன்மொழிவு கொடுக்க வேண்டும். ஃபிரீஸ்லாந்துக்காரன் எங்கள் ஊர்க் குளங்களையே எடுத்துக்கொள்ளலாம் என்கிறான். நான்கு பேர், பத்து வாரம், நேரில் வந்து தங்கி அளக்கலாம். செமாராங்குக்காரி, "அங்கே முதலில் யாரிடம் போய்ப் பேசுவோம்?" என்றாள். உங்க அப்பாதான் இருக்கிறாரே என்று அவன் சட்டென்று சொன்னான். நான் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி எழுந்தேன்.

ராத்திரி அப்பாவிடம் லென்ட் கதையைச் சொன்னேன். கரையைத் தள்ளியது, ஐம்பது வீடு, கூட்டம், காப்பி. அப்பா குறுக்கே பேசாமல் கேட்டார்கள். வெள்ளத்தைப் பற்றிய பேச்சென்றால் இப்போதெல்லாம் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவார்கள், இன்று கொடுக்கவில்லை.

"எத்தன வருசம் பேசுனாவ?"

"ரொம்ப வருசம்."

"வந்து பாக்காமலேயே போனாவளே, அந்த அம்மா. வீட்ட விட்டுட்டு எங்க போய் இருந்தாவ?"

"தெரியலப்பா. நான் கேக்கல."

"கேட்டிருக்கலாம்லா" என்றார்கள். அப்புறம் எதுவும் சொல்லவில்லை.