எழுதிய மாணவனும் ஏற்ற ஆசிரியரும்

ஓலையில் எழுதிய காலத்துச் சொல்லாகிய 'ஏடு', இன்று நாளேட்டிலும் வார ஏட்டிலும் வாழ்கிறது. அரபியிலும் இவ்வாறே. எழுதப்பட்ட தாளைக் குறிக்கும் 'ஸஹீஃபா' என்னும் சொல்லின் வேரிலிருந்தே பத்திரிகைத் துறைக்கு 'ஸிஹாஃபா' என்னும் பெயர் பிறந்தது. தமிழில் வேறொரு நயமும் உண்டு. பாடம் சொல்பவரும் ஆசிரியர். இதழை நடத்துபவரும் ஆசிரியர். கல்லூரி மாணவர்களின் ஏடுகளைப் பற்றி எண்ணும்போது, இந்த இரு பொருளும் ஒருங்கே என் நினைவிற்கு வருகின்றன.

நம் நாட்டில் இவ்வரலாற்றை அறிய ஏற்ற இடம் அலிகர். ஸர் ஸையித் அஹ்மத் கான் 1864-இல் காஸிப்பூரில் அறிவியல் சங்கம் ஒன்றை நிறுவினார். சங்கம் அலிகருக்கு இடம் மாறிய பின், 1866-இல் 'அலிகர் இன்ஸ்டிட்யூட் கெஸட்' உருதுவிலும் ஆங்கிலத்திலும் வெளிவரத் தொடங்கியது. 1870-இல் 'தஹ்தீபுல் அக்லாக்' தோன்றியது. பள்ளி திறக்கப்பட்டதோ 1875-இல். கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 1877-இல். ஆக, அங்கே கல்விக்கூடத்திற்கு முன்பே ஏடு பிறந்துவிட்டது. எழுத்து பழகிய மண்ணில் மாணவர் வந்து அமர்ந்தனர்.

1890-களில் கல்லூரிக்கென்றே ஓர் இதழ் வெளிவந்தது. பேரறிஞர் ஷிப்லீ நுஃமானீ அதன் உருதுப் பகுதியைக் கவனித்தார். 1920-இல் கல்லூரி பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பின்னாளில் உருது உரைநடையில் பெரும்புகழ் பெற்ற ரஷீத் அஹ்மத் ஸித்தீக்கீ, 'அலிகர் மேகஸீன்' இதழின் தொடக்ககால ஆசிரியர்களுள் ஒருவர்.

இவை வளர்ச்சியின் புறத்தோற்றம். அகத்தை அறிய, அதே ஊரில் நிகழ்ந்த மற்றொன்றை அறிதல் வேண்டும். அக்கல்லூரியில் பயின்ற ஹஸ்ரத் மோஹானீ, 1903-இல் 'உர்தூயே முஅல்லா' என்னும் இதழைத் தாமே தொடங்கினார். எகிப்தில் ஆங்கிலேயரின் கொள்கையைக் கண்டித்து 1908-இல் அதில் ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் பெயர் அதில் இல்லை. கல்லூரி மாணவர் ஒருவரே எழுதினார் என்பர். அரசு பெயரைக் கேட்டது. ஹஸ்ரத் சொல்ல மறுத்து, பொறுப்பு முழுவதையும் தம்மீது ஏற்றுக்கொண்டார். கடுங்காவல் தண்டனை பெற்றுச் சிறையில் திரிகை சுற்றி மாவரைத்தார். எழுதிய மாணவரின் பெயரோ அவர் வாயிலிருந்து வெளிவரவில்லை.

மேலைநாட்டில் வளர்ச்சி வேறு வழியிற் சென்றது. அமெரிக்காவின் ஹார்வர்டு மாணவர்கள் 1873-இல் தொடங்கிய 'மெஜந்தா', 1875-இல் 'கிரிம்ஸன்' எனப் பெயர் மாறி, 1883-இல் நாளேடாயிற்று. செய்தியையும் வரவு செலவையும் மாணவர்களே கவனித்தனர். மூத்தோர் பட்டம் பெற்றுப் போகுமுன் இளையோருக்குத் தொழிலைக் கற்பித்துச் செல்வதால், ஆண்டுதோறும் ஆள் மாறியும் ஏடு நிலைத்தது. ஆங்கே மாணவர்களே ஒருவருக்கொருவர் துணை. அத்தகைய அமைப்பு இல்லாத இடத்தில் ஆசிரியர்தாம் துணையாக நிற்க வேண்டும்.

இதை நான் எழுதக் காரணம் எங்கள் வளையமாதேவி. 2023 ஜூலையில், நிலக்கரிச் சுரங்க விரிவாக்கத்திற்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, நின்ற நெற்பயிரின் மேல் மண்வெட்டி எந்திரங்கள் இறங்கின. அக்காட்சியை நாடே தொலைக்காட்சியில் கண்டது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. நாளேடுகள் சில நாள் எழுதிப் பின் ஓய்ந்தன.

என்னிடம் தமிழ் கேட்க வரும் பிள்ளை ஒருவன், தன் கல்லூரி ஆண்டு மலருக்கு அவ்வயலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினான். சந்திப்பிழை பார்க்க என்னிடம் கொணர்ந்தான். எவரையும் பழித்த சொல் அதில் ஒன்றுமில்லை. எந்த மடையில் நீர் முதலிற் பாயும், எந்த வரப்பில் அவன் பாட்டி கஞ்சிக் கலயத்தை இறக்கி வைப்பாள் என்றெல்லாம் எழுதியிருந்தான். எந்த நாளேடும் எழுதாத செய்தி அது. மலர் வந்தது, வாழ்த்துரைகளும் விழாப் படங்களும் நிறைந்திருந்தன, கட்டுரை இல்லை. ஏன் இல்லை என்று ஒருவரும் அவனிடம் கூறவில்லை. அதன் பின் அவன் எதுவும் எழுதிக்கொண்டு வரவில்லை.

ஹஸ்ரத்தைப் போலச் சிறைக்குச் செல்லுமாறு எந்தப் பேராசிரியரையும் நான் அழைக்கவில்லை. மாணவன் எழுதியதை நீக்க நேர்ந்தால், அவனை அழைத்துக் காரணத்தைச் சொல்லுங்கள். வெளியிட்டால், கேள்வி வரும் நாளில் அவனை முன்னே தள்ளாதீர்கள். பெற்றோரே, பிள்ளை கொண்டு வரும் கல்லூரி மலரைப் பழைய தாளோடு எடைக்குப் போடுமுன் ஒருமுறை விரித்துப் பாருங்கள். அதில் அவன் பெயர் இருந்தால் உட்கார்ந்து படியுங்கள். இல்லையென்றால், என்ன எழுதிக் கொடுத்தான் என்று கேளுங்கள். அக்கையெழுத்துத் தாள் வீட்டிலேயே எங்கேனும் இருக்கும்.