அந்த 14 நிமிடங்கள்

எங்கள் கீழ்பென்னாத்தூருக்கு இன்னும் ரயில் வரவில்லை. திண்டிவனம் – செஞ்சி – திருவண்ணாமலை புதிய பாதைக்கு 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் ஒப்புதல் தந்தார்கள். மொத்தமே 70 கி.மீ. நாங்கள் படித்து முடித்து வேலை தேடவும் கிளம்பிவிட்டோம். எங்கள் தெருப் பிள்ளைகள் சென்னைக்குப் பேருந்தில் போகிறார்கள். இல்லையென்றால் திருவண்ணாமலை போய், 2024 மே முதல் விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பும் கடற்கரை ரயில்; தொடங்கியபோது டிக்கெட் 50 ரூபாய்.

வந்தே பாரத்தைப் பார்க்க நாங்கள் விழுப்புரம் போகவேண்டும். போய்ப் பார்த்தோம். நல்ல வண்டிதான், பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிலாளிகள் கட்டியது. ஆனால் அதில் முன்பதிவில்லாப் பெட்டி ஒன்றுகூடக் கிடையாது.

ஒன்றை மட்டும் மனதாரப் பாராட்டுகிறோம். அதன் கழிப்பறையிலிருந்து மலம் தண்டவாளத்தில் விழுவதில்லை. பயோ டாய்லெட் வருவதற்கு முன்பு அதை அள்ளியது யார் என்று தோழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2013 சட்டம் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்தது. கூடவே, மத்திய அரசு அறிவிக்கும் கருவியும் பாதுகாப்பு உடையும் கொடுத்துவிட்டால் அந்த வேலை 'கையால் மலம் அள்ளுதல்' ஆகாது என்று ஒரு விளக்கத்தையும் சேர்த்துக்கொண்டது. தண்டவாளத்தில் இந்த வேலையை ஒழிக்கக் காலக்கெடு வைத்துத் திட்டமிடுங்கள் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே ரயில்வேயிடம் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது வேலை தண்டவாளத்திலிருந்து பெட்டிக்குள் ஏறியிருக்கிறது. 2023 அக்டோபர் 1 அன்று '14 நிமிட அதிசயம்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். வந்தே பாரத் வந்து நின்றதும் 14 நிமிடத்தில் மொத்த வண்டியையும் துடைத்துக் கொடுக்க வேண்டும். ஜப்பானின் 7 நிமிடத்தைப் பார்த்து வந்த யோசனை. டோக்கியோவில் அதைச் செய்கிறவர்கள் அந்த ரயில்வேயின் துணை நிறுவனத்து ஊழியர்கள். இங்கே பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். நிமிடத்தை இறக்குமதி செய்தவர்கள் வேலைப் பாதுகாப்பை ஏன் விட்டுவிட்டு வந்தார்கள்?

எங்கள் காலனி அக்கா ஒருவர் சென்னையில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் ரயில் பெட்டி கழுவுகிறார். கையுறை கேட்டால் நாளை முதல் வேலை இல்லை என்கிறார்களாம். பி.எஃப். பிடிக்கிறார்கள், கணக்கு எண் மட்டும் தெரியாது. அந்த வண்டியில் அவர் ஒரு நாளும் உட்கார்ந்து போனதில்லை.

ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர்தான் தரவேண்டும், அதுதான் சட்டம். ஆகவே விழுப்புரத்துக்கும் காட்பாடிக்கும் தகவல் உரிமை மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். துப்புரவு ஒப்பந்தம் யாரிடம்? ஒரு பெட்டிக்கு எத்தனை பேர்? கூலி எவ்வளவு, பி.எஃப். கட்டிய ரசீது எங்கே? உங்கள் ஊர் ஸ்டேஷனுக்கும் இதே கேள்விகளை அனுப்புங்கள். 10 ரூபாய் கட்டணம்தான்.